புள்ளி வைத்த வெள்ளிக்காசு

பழைய காசு சேர்க்கிறவர்கள் மத்தியில் அந்த அம்மாளுக்கு 'இல்லக்கா' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. கரண்ட் பில்லைத் தவிர வேறு யாரும் அதைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. காசுக்கு மதிப்புப் போட்டுக் கொடுப்பது அவள் தொழில். கையில் ஒரு வெள்ளிக்காசும் மனசுக்குள் ஒரு கோட்டையுமாக மூச்சு வாங்கப் படியேறி வருகிறவர்களுக்கு, அவள் வாயிலிருந்து முதலில் கிடைப்பது "இல்ல" என்ற சொல்தான்.

"அக்கா, இது ரொம்ப அபூர்வமான காசுன்னு சொன்னாங்க."

"இல்ல."

"தேய்மானமே கிடையாதுங்க. பாருங்க, எப்படிப் பளபளன்னு இருக்கு!"

"பல்பொடி போட்டு வெளக்கினா பளபளன்னுதான் இருக்கும். ராஜாவோட காது எங்க போச்சு?"

வெள்ளிக்குக் கறுப்பு என்பது வயதின் அடையாளம். அதைத் தேய்த்துக் கழுவுகிறவன் காசின் பாதி விலையைத் தண்ணீரோடு சேர்த்துச் சாக்கடையில் விடுகிறான். இதை அவளும் ஊரெல்லாம் சொல்லி ஓய்ந்துவிட்டாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான். வருகிறவர்கள் எல்லாம் முகத்தைக் கழுவிப் பவுடர் போட்ட காசுகளையே கொண்டுவருகிறார்கள், அவளும் "இல்ல" என்கிறாள், அவர்களும் முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போகிறார்கள். முணுமுணுத்தவனே அடுத்த காசையும் அவளிடம்தான் கொண்டுவருவான். பக்கத்துத் தெருவில் இனிக்க இனிக்கப் பேசி மதிப்புப் போடுகிறவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் விற்கிறவர்கள் போவார்கள். வாங்குகிறவர்கள் இவளிடம் வருவார்கள்.

நகல் எடுக்கும் கடைக்கு மேலே அவளுடைய அறை. காசு கைதவறி விழுந்தாலும் அடிபடாமல் இருக்க மேஜைமேல் தடித்த பச்சைத் துணி. ஒரு சின்ன தராசு, ஒரு விளக்கு, லென்ஸ், இரண்டு நாற்காலி. கீழே இயந்திரம் ஓடும்போதெல்லாம் தரை லேசாக அதிரும், தராசின் எண்கள் தத்தளிக்கும். அப்போது எட்டிப்பார்த்து ஒரு அதட்டல் போடுவாள். அந்த அதட்டல்தான் பல நாட்களில் அவள் பேசிய மிக நீளமான வாக்கியமாக இருக்கும்.

பார்ப்பவை எல்லாம் ஒரே மாதிரிக் காசுகள். அதே ராஜா, அதே வருடம், அதே எடை. ஆனால் அச்சு வெட்டியவன் ஏதோ ஒரு நாள் பின்பக்கத்துப் பூமாலையில் ஓர் இலையைக் கூடுதலாக வெட்டியிருப்பான், இல்லையென்றால் ஒரு மொட்டைத் திருப்பி வைத்திருப்பான். தப்பைக் கண்டுபிடித்து அச்சை மாற்றுவதற்குள் சில காசுகள் வெளியே போயிருக்கும். அந்தச் சிலவற்றைத் தேடித்தான் இத்தனை மனிதர்கள் கழுத்தெலும்பு தேயக் குனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். உலகத்தில் எத்தனையோ பைத்தியம். இது யாரையும் கடிக்காத பைத்தியம்.

வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் அங்கே பேச ஆள் கிடையாது. கல்யாணம் என்ற பேச்சு ஒரு காலத்தில் வந்தது, இவள் வழக்கமான பதிலைச் சொன்னாள், போய்விட்டது. வெளியூரில் இருக்கும் தங்கை போன் செய்வாள். "சாப்பிட்டியாக்கா? மாத்திரை போட்டியா? சரி, வச்சிடுறேன், இங்க அடுப்புல வேலை." இந்தப் பக்கத்திலிருந்து பதில் போய்ச் சேர்வதற்கு முன்பே போன் வைக்கப்பட்டுவிடும். பிறகு குக்கர் விசிலுக்கு "வரேன், வரேன்" என்று இவள் பதில் சொல்லிக்கொண்டிருப்பாள். கேட்கிறவர்களிடம், தனியாக இருப்பது பழகிவிட்டது என்று சொல்வாள். பழகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறாள், அவ்வளவுதான்.

சனிக்கிழமை மட்டும் வேறு. சனிக்கிழமை மதியம் பல் டாக்டர் வருவார்.

தொழிலை விட்டுவிட்ட பல் டாக்டர். மனைவி போய்ச் சேர்ந்தபின் தனி வீடு, தனிச் சமையல். வாய்க்குள் விட்டுப் பார்க்கிற சின்னக் கண்ணாடியையும் கொக்கி ஊசியையும் காசு பார்ப்பதற்கு வைத்துக்கொண்டவர். அந்த ராஜாவின் தலை போட்ட வெள்ளிக்காசில் எத்தனை வகை உண்டோ அத்தனையும் அவரிடம் இருந்தது, ஒன்றைத் தவிர. பின்பக்கத்து மாலையின் அடியில் இருக்கும் மொட்டுக்குக் கீழே ஒரு புள்ளி வைத்த காசு. அந்தப் புள்ளி எதற்காக வைக்கப்பட்டது என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்வார்கள். கதை எதுவானாலும் காசு அகப்படுவதில்லை.

ஒவ்வொரு சனிக்கிழமையும் ஏதாவது ஒரு காசைக் கொண்டுவருவார். இவள் எடை பார்ப்பாள், சுண்டி ஓசை கேட்பாள், விளிம்பின் கோடுகளைப் பார்ப்பாள், லென்ஸை வைப்பாள், ஜன்னலுக்கு எடுத்துப்போய்ச் சாய்த்துப் பார்ப்பாள். அதுவரை வாயைத் திறக்க மாட்டாள். கடைசியில் "இல்ல" என்பாள். டாக்டர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிடுவார்.

"லென்ஸைத் தொடைச்சீங்களா மொதல்ல?"

"தொடைச்சேன்."

"கண்ணைத் தொடைச்சீங்களா?"

"என் கண்ணுக்கு ஒன்னும் இல்ல டாக்டர். உங்களுக்குத்தான் ஆசை கண்ணை மறைக்குது."

"தானம் கொடுத்த மாட்டைக்கூடப் பல்லைப் பிடிச்சுப் பாக்கிற ஆளு நான். எனக்கா ஆசை கண்ணை மறைக்கும்?"

இப்படியே பொழுது சாயும் வரை இழுக்கும். இலைக்கு எத்தனை நரம்பு, ராஜாவின் தாடியில் எத்தனை சுருள் என்பது வரை போகும். எழுந்து போகும்போது, "உங்ககிட்ட மனுஷன் பேசுவானா? இனி இந்தப் படி ஏறினா என்னை ஏன்னு கேளுங்க" என்பார். "சந்தோஷம். எனக்கு வேலை மிச்சம்" என்பாள் இவள். அடுத்த சனிக்கிழமை வழக்கமான நேரத்தில் படியில் செருப்புச் சத்தம் கேட்கும். இவள் ஏன் என்று கேட்டதே இல்லை. அந்தச் சத்தம் வருவதற்கு முன்பே இரண்டாவது நாற்காலியைத் துடைத்து வைத்திருப்பாள் என்பதும் அவருக்குத் தெரியாது.

பிறகு டாக்டரின் பார்வை போக ஆரம்பித்தது. முழு இருட்டு இல்லை. எதை நேராகப் பார்க்கிறாரோ அது மட்டும் மறைந்துவிடும். சுற்றிலும் இருப்பது தெரியும். "காசுல விளிம்பு தெரியுதும்மா, ராஜாவைத்தான் காணோம்" என்று சிரித்தார். ஒருவர் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு கடைக்கண்ணில் பிடிக்க வேண்டும். இவளிடம் பேசும்போது அலமாரியைப் பார்த்துக்கொண்டு பேசினார். வைத்தியம் கிடையாது என்று சொல்லிவிட்டார்களாம். மகன் தன்னோடு வந்து இருக்கச் சொல்லி நச்சரித்தான். மகன் இருப்பது விமானம் ஏறிப் போக வேண்டிய தூரம்.

அந்தச் சனிக்கிழமை அவர் வந்தபோது படியில் செருப்புச் சத்தம் தடவித் தடவி வந்தது. உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு காசை எடுத்துப் பச்சைத் துணிமேல் வைத்து, இவள் பக்கம் தள்ளினார்.

"சில்லறைகிட்ட வாங்கினேன்." சில்லறை என்பது ஒரு வியாபாரி, பெயருக்கு ஏற்ற புத்தி. "என்கிட்ட ரெண்டு ரெண்டா இருந்த காசையெல்லாம் கொடுத்துட்டு இதை எடுத்துக்கிட்டேன்."

"பாக்காமலா வாங்கினீங்க?"

"எப்படிப் பாக்கிறது? விரலாலதான்." வலது கைக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். "எத்தனை பேர் வாய்க்குள்ள விட்டுச் சொத்தையைத் தேடின விரல். மொட்டுக்குக் கீழ ஒரு மேடு இருக்கும்மா. புள்ளி. சத்தியமா புள்ளிதான்."

இவள் காசைத் தொடவில்லை. அவர் இன்னும் முடிக்கவில்லை என்று தெரிந்தது.

"பையன் ஒரே பிடியா நிக்கிறான். இன்னைக்கு ராத்திரி போன் பண்ணுவான், முடிவு சொல்லணும். நான் ஒரு கணக்கு வச்சிருக்கேன். இது உண்மையான புள்ளிக்காசா இருந்தா, என் விரலுக்குக் கண்ணு இருக்குன்னு அர்த்தம். கண்ணு போனாலும் விரலை வச்சு நான் ஓட்டிடுவேன். வரலடா போடான்னு சொல்லிடுவேன். இல்லன்னா கடைய மூட வேண்டியதுதான். பெட்டியைக் கட்டிக்கிட்டுப் போய் மருமக போடுற சோத்தைச் சாப்பிட்டுக்கிட்டு சுவரைப் பாத்து உக்கார வேண்டியதுதான். சுவரு நல்லாத் தெரியும், ஓரமெல்லாம் தெரியும்."

சொல்லிவிட்டு அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதாவது இவளைப் பார்த்தார்.

இவள் எடை பார்த்தாள். எடை சரி. சுண்டினாள். வெள்ளியின் ஓசை சரி. விளிம்பு சரி. லென்ஸை எடுத்து மொட்டின்மேல் வைத்தாள்.

புள்ளி இருந்தது. ஒரு கணம் அவளே நம்பிவிட்டாள். பிறகு கண் நிலைத்ததும் தெரிந்தது. அச்சிலிருந்து எழுந்த புள்ளியாக இருந்தால் சுற்றியுள்ள தளம் சமமாக இருக்கும். இங்கே புள்ளியைச் சுற்றி மயிரிழை அகலத்துக்கு ஒரு பள்ளம். வரப்பு போட மண் வேண்டுமென்றால் பக்கத்தில்தானே வெட்ட வேண்டும்? யாரோ ஊசிமுனையால் சுற்றிலும் வெள்ளியைக் கிளறி நடுவில் குவித்திருக்கிறான். கெட்டிக்காரன். மேலே கறுப்பும் ஏற்றியிருக்கிறான். சாதாரணக் காசு, சாதாரண விலை.

"இ" என்று வாய் தொடங்கிவிட்டது. உதட்டைக் கடித்து நிறுத்தினாள்.

இனி வரப்போகிற சனிக்கிழமைகள் எல்லாம் வரிசையாக அவள் முன்னால் வந்து நின்றன. கீழே இயந்திரம் ஓடும். அவள் இருப்பாள். குக்கர் விசிலடிக்கும். தங்கை மாத்திரை போட்டாயா என்று கேட்பாள். இந்த மனிதர் போகக் கூடாது, எனக்கு வேறு யாரும் இல்லை என்று அவள் தனக்குள்ளே சொல்லிக்கொண்டாள். அதற்கு முன் ஒருநாளும் அதை அவள் அப்படிச் சொல்லிக்கொண்டது கிடையாது.

"ஆமா டாக்டர்" என்றாள். "புள்ளிக்காசுதான்."

டாக்டர் துள்ளிக் குதிப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் அசையவில்லை.

"ஆமாவா?"

"ஆமா. உங்க விரலு லேசுப்பட்ட விரலா?"

"என்ன விலை போகும்?"

"நல்ல விலை போகும்."

"நல்ல விலைன்னா?"

"நீங்க விக்கவா போறீங்க? எதுக்கு விலை? வீட்டுக்குப் போய் ஜோரா பெட்டியில வைங்க. பையன்கிட்ட வரலன்னு சொல்லிடுங்க."

குரல் தேனாக ஒழுகியது. பக்கத்துத் தெரு ஆசாமியின் குரல் அது. அவளுக்கே காது கூசியது.

டாக்டர் தலையை ஆட்டினார். "சரிம்மா. அப்ப அட்டை எழுதிக் கொடுத்திடுங்க."

மதிப்புப் பார்த்த காசுக்கு அவள் ஒரு சின்ன அட்டை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது வழக்கம். முதல் வரியில் எடை, அடுத்த வரியில் வருடம், மூன்றாவது வரியில் வகை. அவள் அட்டை இருந்தால் எந்த ஊர்ச் சந்தையிலும் மறு பேச்சுக் கிடையாது. அட்டையை எடுத்தாள். எடையை எழுதினாள். வருடத்தை எழுதினாள். மூன்றாவது வரிக்கு வந்ததும் பேனா நின்றது. வாய் பொய் சொல்லிவிட்டது; கை வரமாட்டேன் என்றது. எழுது என்று அதட்டினாள். விரல்கள் கட்டை மாதிரி இருந்தன. அந்தக் கை இத்தனை வருடத்தில் ஒரு பொய்க்காசுக்கும் பெயர் எழுதியதில்லை, எப்படி எழுதுவது என்று அதற்குத் தெரியவில்லை.

"மை தீந்துபோச்சு டாக்டர். அடுத்த வாரம் வாங்க, நிதானமா எழுதி வைக்கிறேன்."

டாக்டர் கையை நீட்டித் துணியைத் தடவி, காசை எடுத்து உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார்.

"ரெண்டு வரி எழுதினீங்க. சத்தம் கேட்டுச்சு. மூணாவது வரியில மை தீந்துபோச்சாக்கும்?"

இவள் பேனாவை மூடி வைத்தாள்.

"ஜன்னலுக்கும் எடுத்துட்டுப் போகல. நாற்காலி நகரவே இல்ல." கைக்குள் காசைப் புரட்டினார். "பள்ளம் இருக்கா?"

"இருக்கு."

"சுத்தி வரவா?"

"சுத்தி வர. ஊசியால கிளறியிருக்கான். ரொம்பச் சின்னப் பள்ளம், விரலுக்குத் தெரியாது. யார் விரலா இருந்தாலும் மேடுதான் தெரியும். உங்க மேல தப்பில்ல."

"தப்பில்லதான்." மூடிய கையை மடிமேல் வைத்துக்கொண்டார். "ஏம்மா ஆமான்னீங்க?"

அவளுக்குச் சமாளிக்கத் தெரியாது. சமாளித்துப் பேசுகிற பழக்கமே இருந்ததில்லை. "நீங்க போயிடுவீங்கன்னுதான்" என்றாள். "நீங்க போயிட்டா நான் யார்கிட்டப் பேசுவேன்?"

டாக்டர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

"நான் போறேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? படி ஏற மாட்டேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? நீங்க இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, லென்ஸை மாத்துங்க, விளக்கை மாத்துங்கன்னு இங்கயே ஒரு ஆட்டம் ஆடியிருப்பேன். நேரா போய்ச் சில்லறை சட்டையைப் பிடிச்சிருப்பேன். ராத்திரி பையன் போன் பண்ணினா, இருடா, இங்க ஒரு வழக்கு முடியலன்னு சொல்லியிருப்பேன். அடுத்த சனிக்கிழமை இன்னொரு காசை எடுத்துக்கிட்டு வந்து நின்னிருப்பேன்."

அவள் எழுந்துவிட்டாள். மேஜையைச் சுற்றி வந்து அவர் எதிரில் நின்றாள். நேர் எதிரில் நின்றால் அவருக்குத் தெரியாது என்று நினைவு வந்து பக்கவாட்டில் நகர்ந்தாள்.

"அப்படின்னா இப்பப் போடுங்க சண்டை. இது புள்ளிக்காசு இல்ல டாக்டர். இல்லவே இல்ல. குப்பைக் காசு. உங்க விரலும் மண்ணு, நீங்க செஞ்ச யாவாரமும் மண்ணு. ஏமாந்துட்டு வந்திருக்கீங்க. கேக்குதா? வாயத் தொறங்க, எதாவது சொல்லுங்க."

சொல்லும்போதே கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. துடைத்துக்கொள்ளவில்லை, துடைத்தால் கை அசைவது அவர் கடைக்கண்ணில் பட்டுவிடும்.

டாக்டர் நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார். உதவிக்கு நீண்ட கையை மெதுவாக விலக்கினார். கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சுவரைத் தொட்டுக்கொண்டே கதவு வரை போனார்.

"இது பொய்க்காசுன்னு நம்புறேன்மா. உங்க கை சொல்லிடுச்சு. அடுத்த காசுக்கு என்ன பண்றது?" முகத்தைத் திருப்பி, ஓரக்கண்ணில் இவள் உருவத்தைத் தேடினார். "எனக்குக் கண்ணு போனதும் நான் பயப்படல. உங்க வாய் இருக்குன்னு இருந்தேன். இனிமே நீங்க ஆமான்னு சொன்னாலும் சரி, இல்லன்னு சொன்னாலும் சரி, அது காசைப் பாத்துச் சொன்னதா, என் மூஞ்சியைப் பாத்துச் சொன்னதான்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

அவள் வாயைத் திறந்தாள். இனி எதைச் சொன்னாலும் அதில் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று புரிந்து மூடிக்கொண்டாள். அவர் கைப்பிடியைத் தேடிப் பிடித்து, ஒவ்வொரு படியாகக் கால் வைத்துப் பார்த்து இறங்கிப் போனார்.